பெயர் தெரியாத கை

எங்கள் வீட்டுக் குலுக்கை வாசலைவிட அகலமானது. சின்ன வயதில் நான் அதைக் கவனித்ததே இல்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தார்சு போடுவது என்று அப்பா முடிவு செய்து, சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. பீரோ வந்தது, ஆட்டுரல் வந்தது, குலுக்கை வரவில்லை. வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்த மண் அது. ஆள் உயரம், நடுவில் வயிறு தள்ளி, அடியில் தானியம் இறக்க ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு ஒரு துணிச் சுருள். வேறு ஊர்க்காரர்கள் குதிர் என்பார்கள். வருசநாட்டுப் பக்கத்து மானாவாரிச் சோளமும் கம்பும் பல வருசம் அதில்தான் கிடந்தன. கடைசி இருபது வருசமாகப் பழைய துணியும் இலவம்பஞ்சுத் தலையணைகளும் கிடக்கின்றன.

"உடைக்கக் கூடாது" என்றேன். அப்பா சிரித்தார். அப்பத்தா சிரிக்கவில்லை. "அப்ப நீயே தூக்கிட்டுப் போ தாயி" என்றாள்.

நான் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு புத்தகம் இருந்தது. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் ரொம்ப நாள் நம்பிய புத்தகம் என்பதால், அதோடு சண்டை போடுவது கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கிறது.

*

ஜப்பானியச் சிந்தனையாளர் சொயெட்சு யனாகியின் கட்டுரைகளை ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் ஆங்கிலத்தில் தழுவி 1972-இல் வெளியிட்டார். 'தி அன்நோன் கிராஃப்ட்ஸ்மேன்' என்பது தலைப்பு. பெயர் அறியப்படாத கைவினைஞன். உலகில் களிமண்ணில் கை வைக்கும் படித்த நகரவாசிகள் பெரும்பாலோர், இந்தப் புத்தகத்தைப் படிக்காவிட்டாலும், இதன் வாக்கியங்களைத்தான் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குறையில்தான் அழகு, கையின் தடம் தெரிய வேண்டும், அன்றாடப் பொருளே உயர்ந்த பொருள் என்று நாம் இன்ஸ்டாகிராமில் பார்க்கும் வரிகளில் பாதிக்கு இங்கேதான் வேர்.

யனாகி 1889-இல் பிறந்து 1961-இல் இறந்தவர். ஷோஜி ஹமாடா, கஞ்சிரோ கவாய் என்ற இரண்டு குயவ நண்பர்களோடு சேர்ந்து 1925-இல் 'மிங்கெய்' என்ற சொல்லை உருவாக்கினார். மக்கள் கலை என்று பொருள். 1936-இல் டோக்கியோவில் அதற்கென்று ஒரு அருங்காட்சியகமும் திறந்தார். அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். உண்மையான அழகு மேதையின் கையொப்பத்தில் இல்லை. பெயர் தெரியாத எளிய மனிதன், விலை குறைந்த பொருளை, தினசரி உபயோகத்துக்காக, ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்போது அவனுடைய 'நான்' கரைகிறது. அப்போது அழகு தானாக வந்து உட்காருகிறது. தன்னைப் பற்றி நினைக்காததால்தான் அவன் செய்தது அழகாக இருக்கிறது.

இதற்கு அவர் தரும் பெரிய உதாரணம் கிஸாயெமோன் என்று அழைக்கப்படும் தேநீர்க் கிண்ணம். கொரியாவில் ஏழை ஒருவர் சாப்பிடுவதற்காக யாரோ ஒரு குயவர் யோசிக்காமல் செய்து போட்ட சாதாரணக் கிண்ணம். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் கையில் சிக்கி, கியோட்டோவில் ஒரு ஜென் மடத்தின் பொக்கிஷமாகிவிட்டது. யனாகி அதை 1931-இல் பார்த்தார். பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து, பட்டுத் துணியை விலக்கி, கடைசியில் கிண்ணம் வெளியே வரும்போது அவர் முதலில் ஏமாந்துபோவதும், பிறகு அந்தச் சாதாரணம்தான் அதன் பெருமை என்று உணர்வதும் அருமையான பகுதி. முதலில் பார், பிறகு தெரிந்துகொள் என்று அவர் வலியுறுத்துவது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஒரு பானையைப் பார்ப்பதற்கு முன்பே அதன் காலம், ஊர், விலை எல்லாவற்றையும் கேட்டுவிடுகிற நமக்கு அது தேவையான பாடம்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு ஆள் குறைகிறார். கிஸாயெமோன் என்பது அந்தக் கிண்ணத்தை ஒரு காலத்தில் வைத்திருந்த வியாபாரியின் பெயர். செய்தவர் பெயர் அழிந்து, வைத்திருந்தவர் பெயர் நின்றிருக்கிறது. யனாகி இதில் விடுதலையைப் பார்க்கிறார். முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் பார்த்தேன்.

யனாகி கெட்டவர் இல்லை. கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில், சோலில் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்க ஜப்பானிய அரசு முனைந்தபோது 1922-இல் எதிர்த்து எழுதியவர். ஆனாலும் கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகு என்று அவர் சொன்னதைக் கொரிய விமர்சகர்கள் பின்னாளில் கடுமையாக மறுத்தார்கள். ஆளப்படுகிறவனின் துயரத்தை ஆளும் நாட்டுக்காரன் ரசிப்பதில் உள்ள சங்கடம் அது. யூகோ கிகுச்சி 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், மிங்கெய் கோட்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பண்பாட்டுத் தேசியத்தை விரிவாகவே பிரித்துக் காட்டினார்.

எனக்கு வேறொரு சின்ன விஷயம் போதுமானதாக இருந்தது. யனாகியின் நண்பர் ஹமாடா தன் பானைகளில் முத்திரை இடுவதில்லை. பெயரின்மையின் மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் அந்தப் பானை வைக்கப்படும் மரப்பெட்டியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1955-இல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. பெயரைத் துறப்பதற்குக்கூட முதலில் ஒரு பெயர் இருக்க வேண்டும்போல.

*

இந்தச் சிந்தனை ஜப்பானில் மட்டும் முளைத்ததல்ல. யனாகிக்கு முன்பே இதைச் சொன்னவர் நம் ஆள். 1877-இல் கொழும்பில், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் கைவினைகளைப் பற்றிய தன் பெரிய நூலை 1908-இல், வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்தில் அச்சிட்டார். அடுத்த வருசம் 'தி இந்தியன் கிராஃப்ட்ஸ்மேன்' வந்தது. இயந்திரம் ஐரோப்பியத் தொழிலாளியின் கையைப் பறித்துவிட்டது, இந்தியக் கிராமக் கைவினைஞனுக்கோ பரம்பரையாக ஒரு இடம் இருக்கிறது, களத்தில் அவனுக்குத் தானியப் பங்கு இருக்கிறது, சந்தையின் போட்டி அவனைத் தின்பதில்லை என்பது அவர் வாதம்.

அந்தப் பங்கு எப்படிக் கொடுக்கப்பட்டது என்று எங்கள் பக்கம் வயசான குயவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். களத்துமேட்டில் கடைசியாக நின்று, அளக்கிறவர் மனசு வைத்து அளந்ததை வாங்கிக்கொண்டு வருவது. குமாரசுவாமி பாதுகாப்பு என்று எழுதியது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. அறுவடை உள்ள வருசத்தில் அது ஒரு பாதுகாப்புதான். ஆனால் அதற்கு மறுபக்கமாக, சக்கரத்தை விட்டு எழுந்து வேறு வேலைக்குப் போக முடியாத பிறப்பு ஒன்றும் கூடவே இருந்தது. சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்தியக் கைவினையைப் பற்றி எழுதினால் அது யனாகி எழுதியதுபோலவே அழகாக இருக்கும். யனாகி இங்கே பிறந்திருந்தால் அவருடைய பெயரில்லாத கைவினைஞனுக்கு ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். அது அவன் சாதியின் பெயராக இருந்திருக்கும்.

*

இப்போது நம் கதைக்கு வருகிறேன். புத்தகம் தலைக்கேறிய நாட்களில் கோயம்புத்தூரில் ஒரு மண்பாண்டப் பயிற்சிக்குப் போனேன். இரண்டு நாள், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். மின்சாரச் சக்கரம், ஏப்ரன், பின்னணியில் மெல்லிய இசை. நல்ல அனுபவம்தான், கிண்டலுக்காகச் சொல்லவில்லை. சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்த முடியாமல் ஒரு முழுக் காலை தோற்றதில் எனக்கு நிறையப் புரிந்தது. ஆசையில் மிச்ச மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கிண்ணம் செய்து, ஒரு வாரம் நிழலில் காய வைத்து, கேக் செய்யும் அடுப்பில் முழுச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தேன். கல்லு மாதிரி வந்தது. தண்ணீர் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் அடி கரைந்து மேசை முழுக்கச் சேறு.

வீட்டில் பீங்கான் செய்யலாம் என்று ஆசைப்படுகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. மண்ணில் இரண்டு விதமாகத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று நாம் பிசையும்போது ஊற்றியது, அது வெயிலிலேயே போய்விடும். இன்னொன்று களிமண்ணின் உட்கட்டமைப்பிலேயே பிணைந்திருப்பது. அது கிளம்ப ஏறக்குறைய 500, 600 டிகிரி வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிய மண் மறுபடி மண்ணாகாது. நம்மூர்ப் பானை 800, 900 டிகிரி அளவில் வேகிறது. கெட்டியான பீங்கான் வகைகளுக்கு 1200-க்கு மேல் போக வேண்டும். வீட்டுச் சமையல் அடுப்பு 250-இல் நின்றுவிடும். ஆக, வீட்டில் செய்வதற்கும் தொழிலாகச் செய்வதற்கும் நடுவில் இருக்கும் கோடு திறமையில் இல்லை, நெருப்பில் இருக்கிறது. சூளை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் குயவர்.

அப்பத்தாவின் குலுக்கை இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது. கண்மாய்க் கரம்பையை அள்ளி வந்து, நறுக்கிய வைக்கோல் போட்டு மிதித்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரம் என்று வளையம் வளையமாக ஏற்றுவது. கீழ் வளையம் இறுகாமல் மேல் வளையம் வைத்தால் வயிறு சரிந்துவிடும். சரியாத வயிறு எப்படி வந்தது என்று கேட்டால், "அது கைக்குத் தெரியும்" என்பாள். சுடுவது கிடையாது. தண்ணீர் படாத உலர்ந்த தானியத்துக்குச் சுடாத மண் போதும், சாணி மெழுகினால் போதும். வீட்டுப் பெண்கள் செய்த மண்வேலை எல்லாம் இந்த வகைதான்: அடுப்பு, திண்ணை, குலுக்கை. யாரும் இவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோனதில்லை. அதனால் விலை இல்லை. விலை இல்லாததால் தொழில் என்று பெயர் இல்லை. மிங்கெய் அருங்காட்சியகத்துக்கும் இது போக முடியாது, எங்கள் வீட்டு வாசலையே தாண்டாதே!

அடுப்பு மட்டும் விதிவிலக்கு. முப்பது வருசம் விறகு எரிந்த அடுப்பின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தால் செங்கல் மாதிரிச் சிவந்திருக்கும். சமைக்கச் சமைக்கத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுக்கொண்ட மண் அது.

*

வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை, கடமலைக்குண்டு தாண்டி, 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை வழியாகக் கீழடியை ஒட்டிப் போய் மானாமதுரையைத் தொடுகிறது. இந்த ஒரே ஆற்றின் போக்கில் மண்பாண்டத்தின் மொத்த வரலாற்றையும் படித்துவிடலாம். கீழடியில் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் ஆதன் என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் சுட்ட பிறகு கீறப்பட்டவை, பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்றுதான் கருதுகிறார்கள். கிஸாயெமோன் கதைதான் இங்கேயும்.

மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செய்யும் கடம் கச்சேரி மேடைகளுக்குப் போகிறது. கடத்தைச் சக்கரத்தில் வனைவது பாதி வேலைதான். மீதிப் பாதி தட்டுவது. வெளியே பலகை, உள்ளே கல், ஆயிரக்கணக்கான தட்டுகள். சுவர் எங்கும் ஒரே கனமாக வந்தால்தான் நாதம் வரும். இந்தத் தட்டும் வேலைக்காக அந்த ஊரின் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். கச்சேரி கேட்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

தட்டுவது பெண்ணின் வேலை, சக்கரம் ஆணுடையது. இந்தியாவின் பல பகுதிகளில் பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது என்ற விலக்கே உண்டு. மண் சுமப்பது, மிதிப்பது, தட்டுவது, காய வைப்பது, தலையில் வைத்து விற்பது எல்லாம் பெண். ஆனால் படத்தில் எப்போதும் சக்கரத்தின் முன்னால் ஒரு ஆண். யனாகியின் 'அறியப்படாத கைவினைஞன்' என்ற தலைப்பிலும் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அதனால்தான் வெண்ணிக் குயத்தியார் எனக்கு முக்கியமானவராகப் படுகிறார். புறநானூற்றின் 66-ஆம் பாட்டைப் பாடியவர். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே, உன்னைவிட முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நல்லவன் இல்லையா என்று கேட்ட பெண். அவ்வளவு துணிச்சலுக்கும் கிடைத்த பெயர் என்னவென்று பாருங்கள். வெண்ணி என்பது ஊர். குயத்தி என்பது குலம். அவருக்கென்று ஒரு பெயர் நம்மிடம் இல்லை.

அதே தொகுப்பில் குயவரைப் பார்த்துப் பேசும் பாட்டுகள் உண்டு. 228-இல் ஐயூர் முடவனார், இறந்துபோன கிள்ளிவளவனின் புகழுக்கு ஏற்ற தாழி வனைய உன்னால் முடியுமா என்று குயவரைப் பார்த்து இரங்குகிறார். 256-இல் துணையை இழந்த பெண் ஒருத்தி, ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யும்படி கேட்கிறாள். இந்தப் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. பாட்டில் வரும் குயவர் பெயரும் தெரியவில்லை. ஆனால் இரண்டு பாட்டிலும் குயவர் ஒரு ஆளாக நிற்கிறார். அவரைப் பார்த்து ஒருவர் பேசுகிறார், அவரால் ஆகக்கூடியதும் ஆகாததும் என்ன என்று யோசிக்கிறார். யனாகியின் கைவினைஞனைப் பார்த்து அவர் புத்தகத்தில் யாரும் பேசுவதே இல்லை.

இன்றைக்கு அப்படிப் பேசியிருக்கும் புத்தகம் என்று அபர்ணா கார்த்திகேயனின் 'நைன் ருபீஸ் ஆன் அவர்' நூலைச் சொல்வேன். 2019-இல் வந்தது. தமிழ்நாட்டில் மறைந்துகொண்டிருக்கும் தொழில்களைப் பற்றியது. தலைப்பிலேயே ஒரு மணி நேரக் கூலியை வைத்துவிட்டார். அழகைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன் கணக்கைச் சொல்லிவிடும் அந்த நேர்மையை, மண் பிசையக் கற்றுக்கொள்ளும் எங்கள் நகர வகுப்புகளும் பழகலாம்.

*

குலுக்கைக்கு முடிவு நெருங்கியது. கொத்தனார் வர இரண்டு நாள். நான் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா பக்கத்தில் வந்து குனிந்து கீழ் வளையத்தைத் தடவினாள்.

"இந்தா, இது என் கையில்ல."

"பிறகு?"

"எங்க அத்தை கை. கீழ மூணு அடுக்கு அவுக வச்சது. பெருவிரல அமுக்கித் தள்ளுவாக, பாரு குழியா இருக்கும். அதுக்குள்ள மேலுக்கு முடியாமப் போச்சு. மேல பூராம் நான் வச்சது. நான் உள்ளங்கையில வழிப்பேன்."

பார்த்தேன். சாணி மெழுகலுக்குக் கீழே, கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். மேலே வழவழவென்று இருந்தது. முப்பது வருசமாக ஒரே பொருளாக நான் பார்த்தது இரண்டு பெண்களின் கை. பெயர் தெரியாத எளிய கையின் அழகு என்று இதே குலுக்கையைப் பற்றி ஒரு தடவை எழுதியும் இருக்கிறேன். வீட்டுக்குள் அதைச் செய்தவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, பெயர் தெரியாத கை என்று எழுதியிருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"உங்க அத்தை பேரு என்ன அப்பத்தா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நாங்க அப்பத்தான்னுதானே கூப்பிட்டோம்" என்றார். பத்திரங்களைப் புரட்டினோம். நிலம், வீடு எல்லாம் பூட்டன் பேரில் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. விரல் மட்டும் குலுக்கையில் இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அப்பத்தா.

யனாகியோடு நான் போடும் சண்டை இந்த இடத்தில்தான் முடிகிறது. பெயரில்லாமலும் ஒரு கையை முழுசாக அறிந்திருக்க முடியும். அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் அறிந்த அந்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்காமல், நமக்குத் தெரியாததை எல்லாம் செய்தவரின் எளிமை என்று எழுதியதுதான் அவர் செய்த தவறு. நான் செய்ததும் அதுதான்.

குலுக்கையை உடைத்தோம். சுடாத மண் என்பதால் அதற்கு ஒரு வசதி உண்டு. கட்டிகளைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், என் கிண்ணம் கரைந்ததுபோலவே, ராத்திரிக்குள் கரம்பையாகிவிட்டது. பழைய வைக்கோல் மேலே மிதந்தது. மறுநாள் புதுசாக வைக்கோல் நறுக்கிப் போட்டு நான் மிதித்தேன், அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பதம் சொன்னாள். கொல்லையில் வெந்நீருக்கு ஒரு அடுப்பு போட்டோம். மூன்று குமிழ் வைக்கும்போது என் கையைப் பிடித்துப் பெருவிரலை அவளே அமுக்கினாள்.

"எங்க அத்தை இப்பிடித்தான் வைப்பாக" என்றாள்.

அடுப்பு காய நாலு நாள் ஆனது. அதற்குள் எனக்கு லீவு முடிந்துவிட்டது. முதல் விறகு வைத்த அன்றைக்கு அப்பா போட்டோ அனுப்பினார். ஒரு பக்கம் லேசாக விரிசல் விட்டிருந்தது. "உன் பக்கந்தான்" என்று அப்பத்தா சொல்லச் சொன்னாளாம்.